வள்ளம் போல ஏற்றிய வான்

எழுவைதீவில் பிறந்த பிரேமினிக்கு இருபது வயது வரைக்கும் வள்ளத்தைத் தவிர வேறு வாகனம் பழக்கமில்லை. நாரந்தனைக்குக் கலியாணம் செய்து வந்த பிறகுதான் வான் வண்டி ஓடப் பழகினாள். கணவன் அன்ரனிதாஸ் இரவெல்லாம் கடலில் நின்றுவிட்டு விடியக் கரைக்கு வருவான். அதன் பிறகு அவனுக்குக் கண் திறக்காது. மீனை யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டுபோக ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தான்தான் என்று அவளே முடிவெடுத்து லைசென்ஸ் எடுத்தாள். அயலவர்களின் மீனும் அவளுடைய வானில்தான் போகும். ஸ்ரியரிங்கைப் பிடித்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் நாள் முழுக்கத் தனக்கென்று கிடைப்பது என்பதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை.

அந்த வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கியபோது மீன்பாடும் கூடியிருந்தது. வானோ அவளுடைய கைக்கு அடங்காமல் போனது. இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் பண்ணைப் பாலத்தில் காற்று பக்கத்தால் அடிக்கும்போது, ஸ்ரியரிங் கனமே இல்லாமல் சுழலும். பின்பக்கம் அங்கும் இங்கும் ஆடும். ஒருநாள் அல்லைப்பிட்டி வளைவில் அவள் திருப்பினாள், வான் திரும்பவில்லை. நேரே போய்ச் செடிப் பற்றைக்குள் நின்றது. அவளுக்கு ஒன்றுமில்லை. மீன்தான் றோட்டெல்லாம் கொட்டுண்டது.

அன்று பின்னேரம் அன்ரனிதாஸின் தம்பி நிரோஜன் வந்து, வான் சாவிக்குக் கையை நீட்டினான்.

“அண்ணி, திறப்பைத் தாங்கோ. நாளையிலை இருந்து நான் ஓடுறன். நீங்கள் கடலுக்குள்ளை விட்டால், பிறகு நாங்களெல்லோ வலை போட்டு உங்களைத் தூக்கவேணும்.”

அன்ரனிதாஸ் சிரிக்கவில்லை. “அவன் கொஞ்சநாள் ஓடட்டும், பிரேமினி. நீர் களைச்சுப்போனீர்” என்றான்.

அவன் இரக்கப்பட்டுத்தான் சொன்னான். அதுதான் அவளை இன்னும் கூடச் சுட்டது.

“நாளைக்கு ஒருக்கா ஓடிப்போட்டுத் தாறன்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். வெங்காயம் வெட்டும்போதுதான் யோசனை வந்தது. மீனை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதும் அதே வளைவு, அதே காற்று. வெறும் வான் சொன்ன சொல் கேட்டு வந்தது. பிழை தன்னுடைய கையில் என்றால், வரும்போதும் அல்லவா பிழை நடந்திருக்க வேண்டும்?

மறுநாள் காலை அவள் சீற்றில் ஏறாமல் வானின் பக்கத்தில் நின்று பார்த்தாள். கரைக்கு வந்த கையோடு அன்ரனிதாஸும் நிரோஜனும் மீனும் ஐஸுமாக எல்லாப் பெட்டியையும் பின்கதவடியில் அடுக்கியிருந்தார்கள். பின் ரயர் இரண்டும் சப்பிப்போய் இருந்தன. அலைக்கு முகம் கொடுத்த வள்ளம் மாதிரி வானின் முன்பக்கம் தூக்கி நின்றது.

“ஏன் எல்லாத்தையும் பின்னுக்கே அடுக்கிறியள்?”

“முன்னுக்குப் பாரம் வைச்சால் வள்ளம் தலையைக் குத்துமெல்லே” என்றான் அன்ரனிதாஸ். “எழுவைதீவாளுக்கு இதையும் சொல்லவேணுமே?”

“ரயரிலை காத்தும் இல்லை.”

“நான்தான் குறைச்சுவிட்டனான். றோட்டுக் குழியிலை குலுக்கினால் மீன் நசிஞ்சுபோகும்.”

“சரி. வள்ளத்தை எங்கை இருந்து திருப்புவியள்?”

“பின்னாலை. இஞ்சினைப் பிடிச்சுத்தான்.”

“வானை?”

அன்ரனிதாஸ் முன் ரயர்களைப் பார்த்தான்.

வள்ளத்தைத் திருப்பும் இஞ்சின் பின்னால் இருக்கிறது. பின்பக்கம் தண்ணீரில் அமிழ்ந்திருந்தால்தான் அதற்குப் பிடி. வானைத் திருப்புவது முன் ரயர். பாரம் பின் ரயர்களுக்கும் அப்பால் போய்க் குந்தினால் முன்பக்கம் எழும்பிவிடும். முன் ரயர் றோட்டைத் தொடுமே தவிர, அழுத்திப் பிடிக்காது. காற்றுக் குறைந்த பின் ரயர் பாரத்தில் நெளிந்து வானை இன்னும் ஆட்டும். பிரேமினி இதை இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை. முன் ரயரைக் காலால் ஒருமுறை தட்டிக் காட்டினாள்.

“அண்ணி வாத்தியார் வேலைக்குப் போயிருக்கலாம்” என்றான் நிரோஜன்.

“நீர் கதையாமல் அந்தப் பெட்டியைத் தூக்கும்.”

சீற்றுக்குப் பின்னால், முன் ரயருக்கும் பின் ரயருக்கும் நடுவில், உயரமாக்காமல் அடுக்கினார்கள். எல்லாம் கொள்ளவில்லை. மிச்சத்தை ஏற்ற இன்னொருதரம் வருவதாக அவள் சொன்னாள். வழியில் வேலணையில் நிறுத்தி ரயருக்குக் காற்றடித்தாள். பக்கத்தில் ஏறியிருந்த நிரோஜன், ஸ்ரியரிங்கை எப்போது எட்டிப் பிடிக்க வேண்டி வருமோ என்று பார்த்தபடியே வந்தான்.

வளைவில் வான் மெதுவாகத் திரும்பியது. பாலத்தில் காற்று தோளால் இடித்துப் பார்த்தது. வான் சற்றுச் சரிந்து தன் வழியே போனது. ஸ்ரியரிங் கையில் கனத்தது. அந்தக் கனம் பிரேமினிக்குப் பிடித்திருந்தது.

சந்தையில் மீனை இறக்கிய பிறகு நிரோஜன் கேட்டான். “வரேக்கை நான் ஓடட்டே, அண்ணி?”

“வெறும் வான்தானே, ஓடும். பாரத்தோடை நான்தான் ஓடுவன்.”

நாரந்தனைக்கு வந்து இறங்கியதும் திறப்பை அவளிடம் நீட்டிவிட்டு, மிச்சப் பெட்டிகளை அவன் சீற்றடிக்கே கொண்டுபோய் அடுக்கத் தொடங்கினான்.