பிராட்லி வீட்டுக்குப் போன சனிக்கிழமை

எங்கள் குடும்பப் பெயர் பிராட்லி. அப்பாவின் பூட்டன் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விடுதிப் பள்ளியில் படித்தவர். கடலுக்கு அப்பால் இருந்த யாரோ ஒரு பிராட்லிதான் அவருடைய சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் உதவினாராம். உதவியவரின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிடுவது மிஷன் வழக்கம். படிப்பு முடிந்ததும் பூட்டன் திருநீறு பூசிக்கொண்டு கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பெயர் மட்டும் திரும்பவில்லை.

மொன்றியலுக்கு வந்தபின் அப்பா டெலிபோன் புத்தகத்தில் அந்தப் பெயரைக் கண்டுபிடித்தார்.

"இஞ்சாரும், எங்கட ஆக்கள் எத்தினை பேர் எண்டு பாரும்!"

"உங்கட நிறத்தில ஒருத்தரும் இருக்கமாட்டினம்" என்றார் அம்மா.

அப்பா சிரிக்கவில்லை. சித்தப்பா அப்போது ஊரைவிட்டு வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். அங்கே இராணுவச் சுற்றிவளைப்பு நடந்தால் தமிழ் இளைஞர்களை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். கனடாக்காரர் சிலர் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைத்தால் அவரை இங்கே எடுக்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று சோறு போட்டவர்கள் இன்று ஒரு கையெழுத்துப் போடமாட்டார்களா என்று அப்பா நினைத்தார்.

ஏழு பிராட்லிகளுக்கு எழுதினார். என்ன உதவி என்று எழுதவில்லை. அப்படிப்பட்டதை முகம் பார்த்துத்தான் கேட்கவேண்டும் என்பது அவர் வளர்ந்த முறை. நகரின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியாக இருந்த ஒரு முதிய பெண்மணி மட்டும் சனிக்கிழமை வரச் சொன்னார்.

அம்மா பயற்றம் பணியாரம் சுட்டுக் கொடுத்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் எழுத வரும். வெள்ளைக்காரர் கதைப்பது பிடிபடாது. அதனால் பதினொரு வயதான என்னைக் கூட்டிப்போனார். பஸ்ஸில் வழி முழுக்கச் சொல்லித்தந்தார்: "தம்பியின்ர உயிரைக் காப்பாத்த ஒரு கையெழுத்து வைக்கவேணும் எண்டு கேள், பிள்ளை."

வகுப்பில் கழிவறைக்குப் போகக்கூடக் கேட்கத் தெரியாமல் அடக்கிக்கொண்டிருக்கிற பிள்ளை நான். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, உன் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். உங்கள் பெயரின் கதை தெரிய வேண்டுமாம் என்று சொல்லிவிட்டேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. தன் வம்சத்தின் பெயர்களை எழுதிச் சுருட்டி வைத்திருந்த நீளமான தாள் ஒன்றை மேசையில் விரித்தார். இங்கிலாந்தில் காட்டை வெட்டி அகலமான வெளியாக்கிய இடங்களுக்கு அந்தப் பெயராம். அப்படிப் பல இடங்கள் இருந்ததால் பிராட்லிகள் எல்லோரும் ஒரே குடும்பம் இல்லையாம். அவர் விரல் கடலைக் கடந்து அமெரிக்காவுக்கும், பிறகு இங்கேயும் வந்தது. அப்பா ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினார். எங்களுக்கான இடத்தைத்தான் அந்தப் பெண்மணி தேடுகிறார் என்று அப்பா நினைத்திருப்பார். சட்டைப் பையிலிருந்து சித்தப்பாவின் படத்தை எடுத்துத் தாளின்மேல் வைத்தார்.

நல்ல வடிவான பிள்ளை என்றார் அந்தப் பெண்மணி. பிறகு, படம் அவருடைய பாட்டனின் பெயரை மறைத்ததால், மெதுவாக ஓரமாகத் தள்ளிவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.

திரும்பும்போது அப்பா கேட்டார்:

"வடிவாய்க் கேட்டனியோ?"

"ஓம் அப்பா."

"என்னவாம்?"

"பாத்துச் சொல்லுறாவாம்."

அன்றைக்கே அப்பா சித்தப்பாவுக்கு எழுதினார். ஆள் கிடைத்துவிட்டது, களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனோடு ஜேர்மனிக்குப் போகவேண்டாம், பொறுத்திரு என்று. தபாலில் போட என்னிடம் தந்தார்.

மாசி மாதம் அந்த லொட்ஜைச் சுற்றிவளைத்தார்கள். அதற்குப் பிறகு சித்தப்பாவைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. "அந்த வெள்ளைக்கார மனிசி ஏமாத்திப்போட்டுது" என்று அப்பா சாகும்வரை சொன்னார். நான் ஒருமுறைகூட மறுத்ததில்லை.

கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இனி யாரோடும் ஆங்கிலத்தில் கதைக்கத் தேவையில்லை என்று துள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு ஓடினேன். அந்தக் கடிதத்தை நம்பி ஒரு மனிதர் இருந்த இடத்திலேயே இருந்துவிடுவார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.