பால் மறக்காத குட்டி

என் மகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் ஆட்டோக்காரரின் வீடு பட்டினப்பாக்கத்தில். அவருடைய நாய் நான்கு குட்டிகள் போட்டிருந்தது. மகள் ஆசைப்பட்ட நாய்க்குட்டியைக் கடையில் வாங்கக் கூடாது, தாயை நேரில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் படித்து வைத்திருந்த எனக்கு, இதைவிட நல்ல இடம் அமையாது என்று தோன்றியது. போய்ப் பார்த்தோம். தாய் நன்றாக இருந்தது. மகள் வெள்ளைக் கால் குட்டியைக் காட்டினாள்.

"இன்னும் பால் குடிச்சிக்கினு கீது மேடம். ஒரு மாசம்கூட ஆவல. அடுத்த மாசம் நானே இட்டாந்து உடறேன்" என்றார் ஆட்டோக்காரர்.

அடுத்த மாதம் ஆடி. எங்கள் வீட்டில் ஆடியில் புதிதாக எதையும் கொண்டுவருவதில்லை. அதற்குள் தந்துவிடுங்கள் என்றேன்.

"நாய்க்கு இன்னா மேடம் ஆடி, ஆவணி?" என்று சிரித்தார். நான் விடவில்லை. கொடுத்துவிட்டார்.

குட்டிக்குத் தட்டில் நக்கிக் குடிக்கத் தெரியவில்லை. புட்டியில் பசும்பால் கொடுத்தேன். ஐந்தாம் நாள் ரத்தமாகப் போனது. அடையாறில் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

"எத்தனை நாள் குட்டி?"

"நாப்பத்தஞ்சு இருக்கும் டாக்டர்" என்றேன். வெட்கத்தில் வாயில் வந்த பொய்.

அவர் அதன் வாயைத் திறந்து பார்த்தார். "பல்லே இப்பதாம்மா முளைக்குது" என்றார். மறுநாள் காலை குட்டி இறந்துவிட்டது.

"நான் குடுத்திருக்கக் கூடாது மேடம்" என்றார் ஆட்டோக்காரர். தவறு என்னுடையது என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஓராண்டு நாய்ப் பேச்சையே எடுக்காத மகள், ஒருநாள் மீண்டும் கேட்டாள். கைவிடப்பட்ட நாய்களைப் பராமரிக்கும் காப்பகம் ஒன்றுக்குப் போனோம். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: முன்பு வளர்த்த பிராணிக்கு என்ன ஆயிற்று? 'நோயில் இறந்தது' என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, 'பால் மறக்கும் முன்பே தாயிடமிருந்து பிரித்தேன். தெரிந்தே செய்தேன்' என்று எழுதினேன். எழுத்துக் கூட்டிப் படித்த மகள் என் முகத்தைப் பார்த்தாள். அதுவரை அவளிடம் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தேன்.

காப்பகத்துப் பெண்மணி நிதானமாகப் படித்தார். "இத எழுதினா நாய் தர மாட்டோம்னு நெனச்சீங்களா?"

"ஆமாங்க."

"குட்டி தர மாட்டேன். பெரிய நாய் ஒண்ணு இருக்கு. நாலு ஞாயித்துக்கிழமை வந்து பழகுங்க. அதுக்கப்புறம் பேசலாம்."

பழுப்பு நிறம், நான்கு வயது. மூன்று ஞாயிறும் அது எங்களுக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தது. நான்காவது ஞாயிறு மகள் நீட்டிய கையை முகர்ந்தது. பிறகு எழுந்து தன் கூண்டுக்குப் போய்விட்டது.

"கூட்டிட்டுப் போறீங்களா?" என்றார் அந்தப் பெண்மணி.

நான் மகளைப் பார்த்தேன். அவள் கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வரும்போது வரட்டும்மா" என்றாள்.

அடுத்த ஞாயிறும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.