மனுவில் நான் பருத்தித் தோட்ட முதலாளி

எண்பதுகளின் கடைசியில் டென்மார்க்கின் விபோர்க் நகரத்தில் நான் டெனிஷ் படித்தபோது, எங்கள் ஆசிரியைக்கு அமெரிக்க வரலாற்றில் ஒரே பைத்தியம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கையை ஒரு பக்கத்தில் தந்து, அதை 'நான்' என்று மாற்றி எழுதச் சொன்னார். சட்டத்தரணி, பருத்தித் தோட்ட முதலாளி, அரசியல்வாதி. அடிமைகளை வைத்திருந்தவர். எனக்கு அந்த ஆளைக் கண்ணில் காட்டக்கூடாது. ஆனாலும் யாழ்ப்பாணத்துப் பரீட்சைப் பழக்கம் விடுமா? ஒரு சொல் பிசகாமல் பாடமாக்கினேன்.

அந்த மாதமே ஊரிலிருந்த மனைவியைக் கூப்பிடுவதற்கு விண்ணப்பிக்கப் போனேன். உங்களைப் பற்றி டெனிஷில் எழுதுங்கள் என்று ஒரு வெற்றுத்தாளை நீட்டினார்கள். எழுதத் தெரிந்தது அந்த ஒரு பக்கம்தான். மளமளவென்று எழுதி, உறையிலிட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அறையிலும் அதே வகுப்பிலும் என்னோடு இருந்த நண்பன் விசாரித்தான்.

"என்னடா எழுதினனி?"

சொன்னேன்.

"முதல் மனிசி செத்து ரெண்டாந்தரம் கட்டினதையுமோ?"

"ஓம்."

"கடைசியிலை நீ செத்துப்போனதையும்?"

"ஓம். அதோடைதானே பாடம் முடியுது."

சிரித்துச் சிரித்து அவனுக்குப் புரையேறியது. எனக்குப் போய்த் திருத்தவும் பயம். பொய்க்காரன் என்று பிடித்து அனுப்பிவிட்டால்? மனைவிக்குக் கடிதம் போட்டேன்: யாராவது கேட்டால் நீ இரண்டாம் தாரம் என்று சொல்லு. ஒரே வரியில் பதில் வந்தது. "மூத்தவ ஆர்?"

இரண்டு வருடமாக ஒரு முடிவும் வரவில்லை. ஊரில் ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அவள் பதுங்குகுழியில் கிடந்தாள். அவளை அங்கே கிடக்க வைத்தது என் பரீட்சைப் புத்திதான் என்று தினமும் என்னையே திட்டினேன். ஆத்திரம் தீராமல் செத்துப்போன அந்த முதலாளியையும் திட்டினேன்.

பிறகுதான், அரசாங்கமே தமிழரின் விண்ணப்பங்களைக் கிடப்பில் போட்டிருந்த விஷயம் பத்திரிகைகளில் நாறியது. என்னையும் கூப்பிட்டார்கள். காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். புதிய அதிகாரி என் கோப்பை விரித்து, சின்னக் கத்தி ஒன்றை எடுத்து, நான் ஒட்டிய உறையை அப்போதுதான் கிழித்தார்.

வாசித்துவிட்டு, நான் அந்தப் பாடத்தின் கதையைச் சொன்னதும் அவர் சிரித்தார். சில கிழமைகளில் அனுமதியும் தந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் உண்மையையே எழுதியிருந்தாலும் அவள் அந்தக் குழிக்குள்தான் கிடந்திருப்பாள்.