வீசாத காகிதம்

என் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை தொங்குகிறது. உள்ளே வெறும் கிழித்த காகிதம். மகள் இரண்டு தடவை அதைக் குப்பையில் போடப் பார்த்தாள், நான் விடவில்லை.

என் தம்பி மைக்கைப் பிடித்தால் ராயபுரமே ஆடும். அவன் பாட்டு ஒலிக்காத ஆட்டோ எங்கள் பக்கம் கிடையாது. அப்படிப்பட்டவன் திடீரென்று பாடுவதை நிறுத்திவிட்டு, படத்துக்கு இசையமைக்கிறேன் என்று இரண்டு வருடம் அறைக்குள் அடைந்துகிடந்தான். குரல் போய்விட்டதாம் என்று தெருவில் பேச்சு. படம் வெளியாகப்போகிறது என்றதும் அதே தெரு முதல் காட்சிக்கு மொத்தமாக டிக்கெட் எடுத்தது. பாட்டு வரும்போது வீசுவதற்காக எங்கள் வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் பழைய பேப்பர் கிழித்து இந்தப் பையை நிரப்பினார்கள். நானும்தான் கிழித்தேன். ஆனால் அன்று காலையிலேயே தம்பி என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான்: "படத்துல ஒரு பாட்டுகூட இல்லக்கா. வெறும் பின்னணி இசதான். யாராண்டயும் சொல்லிடாத, ஒருத்தனும் வரமாட்டான்."

டோல்கேட் பக்கத்துத் தியேட்டர் வாசல் வரை வந்தவன் உள்ளே வரவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்துவிட்டான். இடைவேளைக்குப் பிறகு உள்ளே, பாட்டு எங்கே என்ற முணுமுணுப்பு கூடிவிட்டது. மேடையில் அவனோடு டிரம்ஸ் வாசித்த தோஸ்து என் பக்கத்தில், பையிலிருந்து ஒரு கைப்பிடி காகிதத்தை அள்ளித் தயாராக வைத்திருந்தான். திரையில், கணவனைப் புதைத்துவிட்டு வந்த ஒருத்தி பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைக்கிறாள். பிறகு ஒன்றைத் திரும்ப எடுக்கிறாள். வசனமே இல்லை. தம்பியின் இசை, இருக்கிறதா இல்லையா என்று தெரியாதபடி மெல்ல வந்தது. முணுமுணுப்பு நின்றுபோனது. தோஸ்து கையிலிருந்த காகிதத்தாலேயே கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டான்.

படம் முடிந்ததும் அவன் ரோட்டைத் தாண்டி ஓடிப்போய்த் தம்பியின் சட்டையைப் பிடித்தான். அடிக்கப்போகிறான் என்றே பயந்தேன்.

"இன்னா மாமு, பாட்டே இல்லாம ஏமாத்திட்டியே! எங்க நைனா செத்தப்பகூட நான் அழுவலடா."

சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டான்.

இப்போது தம்பிக்கு அடுத்தடுத்துப் படங்கள். எங்கேயோ போய்விட்டான் என்று பெருமையாகவும் இருக்கிறது, அவன் பாடிக் கேட்க ஏக்கமாகவும் இருக்கிறது. போன வாரம் வந்தவன் பையைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு எவ்ளோக்கா வீசினாங்க?" என்று கேட்டான்.

"எங்க வீசினாங்க? ஒரு கைப்பிடிதான் கொறையுது. அதுலயும் உன் தோஸ்து மூக்க தொடச்சிகினான்."

சிரிப்பான் என்று நினைத்தேன். பைக்குள் கையை விட்டு அளைந்தான்.

"தூக்கிப் போட்டுடாதக்கா" என்றான்.