தேசம்மாவின் சுவரில் என் கை

ஒரு பெண்ணை ஏமாற்றினேன். இறந்துபோன அவள் கணவனின் கைத்தடத்தைக் கொத்தி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் என் கையைப் பதித்து, இதுதான் அது என்றேன். போதுமா உங்களுக்கு?

பழைய கட்டடங்களின் உட்புறத்தைப் பழையபடியே மீட்டுத் தருவது என் தொழில். எண்ணூரில், கால்வாய்க் கரையில், உப்பு வியாபாரி ஒருவர் எந்தக் காலத்திலோ கட்டிய வீடு அது. தேக்குத் தூண்கள், வழவழப்பான சுண்ணாம்புச் சுவர்கள். பின்கட்டில் மீன் விற்கும் தேசம்மா வாடகைக்கு இருந்தாள். ஒரு மழையில், எண்ணெய் கலந்த வெள்ளம் உள்ளே புகுந்தபோது, அவள் கணவர் தடுமாறிச் சுவரைப் பிடித்திருக்கிறார். உள்ளங்கை கரியதாகப் பதிந்துவிட்டது. அந்த ஆண்டே அவர் இறந்துபோனார்.

வீட்டைப் புதுப்பிக்க உரிமையாளர் காலி செய்யச் சொன்னபோது, மற்ற வாடகைக்காரர்கள் மறுத்துச் சண்டை போட்டார்கள். அவள் போடவில்லை.

“அந்தக் கைய மட்டும் வுட்டுடு நைனா. நான் வூட்ட வுட்டுர்றேன்.”

“சத்தியமா விடுறேன்மா” என்றேன். மறுநாளே போய்விட்டாள்.

எண்ணெய் குடித்த சுவரில் புதுச் சுண்ணாம்பு பிடிக்காது. கொத்தி எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ஒரு முழம் சுவரை விட்டுவைத்திருக்கலாம்... விட்டிருக்கலாம்! “இது வரலாறு இல்ல சார், அழுக்கு” என்று உரிமையாளர் மூக்கைச் சுளித்தார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசினேனா? ஆமாம் சார் என்று பல்லைக் காட்டினேன்.

வேலை முடிந்ததும், பார்க்க வருவதாகத் தேசம்மா சொல்லி அனுப்பினாள். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லவில்லை! வண்டியிலிருந்து வடித்த கழிவெண்ணெயை உள்ளங்கையில் பூசிச் சுவரில் அழுத்தினேன். பழையதாகத் தெரியத் துணியால் ஒற்றியும் எடுத்தேன். என்ன ஒரு தொழில் நேர்த்தி... சீ!

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். “அதேதாம்மா” என்றேன், அவள் கேட்காமலேயே.

“அவருக்கு சுண்டு வெரலு இல்ல நைனா. லாஞ்சுல வலய இஸ்க்கசொல்ல கயித்துல மாட்டித் துண்டாப் பூடுச்சு.”

அந்தத் தடத்தை நான் ஒருநாளும் உற்றுப் பார்த்ததே இல்லை!

அவள் கத்தவில்லை, சபிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். “நகத்துல எண்ண ஒட்டிகினு கீது. கழுவிட்டுச் சோறு துன்னு” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இப்போது வீட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அந்தக் கைத்தடத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். உரிமையாளருக்கும் பிடித்துப்போய்விட்டது. அழித்துவிடலாம் என்று நான் இன்னும் வாய் திறக்கவில்லை.