‘ஆச்சு ஆச்சு’க்குச் சீன மொழியில் என்ன?

என் மனைவி சீன மொழி படித்ததற்கு நானும் ஒரு காரணம். ஊக்கம் கொடுத்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். “இந்த வயசுல உனக்கெதுக்கு வேண்டாத வேலை?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். நான் வேண்டாம் என்றதை அவள் பாதியில் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

இருவருக்கும் ஒரே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அவள் அட்டை வெட்டும் மெஷினில் பதினான்கு வருடம் நின்றவள். நான் பெட்டிக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் லாரிக்குக் கொண்டுபோகிறவன். பழைய மெஷினைக் கழித்துவிட்டுச் சீனாவிலிருந்து புதியது வருவதாகச் சொன்னார்கள். பட்டன்களில் எல்லாம் சீன எழுத்து. “அந்த பாஷை தெரிஞ்ச ஆளை வெளியிலேருந்து எடுக்கப்போறோம். உங்களை பேக்கிங்ல போட்டுடறேம்மா” என்றார் மேனேஜர். அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் சீனத்தின் அன்றாட வாக்கியங்கள் அடங்கிய ஒரு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு மாதம் எங்கள் சமையலறைச் சுவர் முழுக்கத் துண்டுச் சீட்டுகள். ‘மா’ என்ற ஒற்றை எழுத்தை விதவிதமாக இழுப்பாள். ஒரு இழுப்புக்கு அம்மா, ஒன்றுக்குக் குதிரை, இன்னொன்றுக்குத் திட்டுவது என்று பொருளாம். கடைசி இழுப்பை மட்டும் என்னைப் பார்த்துத்தான் பழகினாள். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து, “யாருக்காவது பல்வலியா?” என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒருநாள் சமையல் பிரமாதம் என்றேன். “நாலி நாலி” என்றாள். எங்கே எங்கே என்று அர்த்தமாம். எதையோ தொலைத்துவிட்டாள் என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடினேன்.

“ஐயோ, எழுந்திருங்க! யாராவது புகழ்ந்தா அவங்க இப்படித்தான் சொல்வாங்க. நாம ‘அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க’ன்னு சொல்றோமே, அது மாதிரி.”

இன்னொரு நாள் ‘சா பு துவோ’. “புத்தகத்துல ‘கிட்டத்தட்ட’ன்னு போட்டிருக்கு. பிரிச்சுப் பாத்தா, குறை அதிகமில்லைன்னு வருது. அப்போ குறை இருக்குன்னுதானே அர்த்தம்? குளிச்சாச்சான்னு கேட்டா படுக்கையிலேருந்தே ‘ஆச்சு ஆச்சு’ம்பீங்களே, அதேதான்.” நான் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

மெஷினைப் பொருத்தச் சீனாவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மூன்று நாள் வேலை. மேனேஜர் போனிலேயே மொழிபெயர்த்துப் பேசிச் சமாளித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மொத்த ஆட்களும் சுற்றி நிற்க, முடிந்ததா என்று கேட்டார். மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டு “சா பு துவோ” என்றார். போன், ‘ஏறக்குறைய சரி’ என்றது. மேனேஜர் காதில் ‘சரி’ மட்டும்தான் விழுந்தது. மெக்கானிக் கருவிப் பெட்டியின் பக்கம் திரும்பிய நேரத்தில், மெஷினை ஓடவிட மேனேஜர் பச்சை பட்டனுக்குக் கையை நீட்டிவிட்டார்.

“சார், தொடாதீங்க!”

பதினான்கு வருடத்தில் மேனேஜர் முன்னால் அவள் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மெக்கானிக்கிடம் திரும்பி, “சா துவோஷாவ்?” என்றாள். எவ்வளவு குறை என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. அவர் இரண்டு விரலைக் காட்டினார். பிறகு பெட்டியிலிருந்து இரண்டு போல்ட்டை எடுத்துக் காட்டினார். கத்தியைப் பிடிக்க வேண்டிய போல்ட்டுகள் அவை. ஓடியிருந்தால் கத்தி கழன்று எங்கள் நடுவே பறந்திருக்கும். மேனேஜர் கையைச் சட்டென்று பின்னால் கட்டிக்கொண்டார்.

போல்ட்டை முடுக்கியதும் மெக்கானிக் கட்டைவிரலை உயர்த்தி அவளிடம் ஏதோ சொன்னார். அவள் பேசிய சீனத்தைத்தான் புகழ்கிறார் என்று போன் சொன்னது. மேனேஜர் தொண்டையைச் செருமினார். “வெளி ஆள் வேண்டாம்மா. இனிமே இந்த மெஷின் உங்களோடது.”

அவள் முகம் சிவந்துவிட்டது. பதற்றத்தில் மேனேஜருக்கும் சீனத்திலேயே பதில் சொன்னாள்: “நாலி நாலி.”

போன், ‘எங்கே, எங்கே?’ என்றது. மேனேஜர் இன்னொரு போல்ட் காணோம் என்று பயந்து தரையைத் தேடத் தொடங்கினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு, கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கத்தினேன்:

“கீழ எதுக்கு சார் தேடறீங்க? நீங்க தேடின ஆளு இதோ, உங்க முன்னாலதான் நிக்கறா!”