எங்க கொடிக்கால்

எதிர்வீட்டு ரெனாட்டே சென்ற குளிர்காலத்தில் ஒரு நாள் என் கதவைத் தட்டித் தன் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார். ஜெர்மனியின் இந்தச் சிறு நகரத்துக்கு நான் குடிவந்ததிலிருந்து ‘ஹலோ’வுக்கு மேல் அவர் என்னிடம் பேசியதில்லை. சில வாரம் வெளியூர் போகிறாராம், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம். “நீங்கள் தாவரங்களைப் பற்றித்தானே ஆராய்ச்சி செய்கிறீர்கள்?” என்றார். நான் மானுடவியல்காரி என்றும், மனிதர்கள் செடிகொடிகளோடு எப்படி உறவாடுகிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி என்றும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் என் பெகோனியாச் செடி ஏன் மஞ்சளாகிறது?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஜன்னலோரத் தொட்டிகள் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு மனிதப் பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. என் பெயரை மட்டும் அவரால் இன்றுவரை உச்சரிக்க முடியவில்லை.

அந்த வாரங்களில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது பதிவு செய்த பேச்சுகளை எழுத்தாக்கும் வேலை. மார்க்கையன்கோட்டையில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. அய்யா, அதாவது எங்கள் அப்பா, வைத்தது. அவர் இறந்தபோது விமானம் கிடைத்து நான் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. இப்போது பார்த்துக்கொள்பவர் என் உடன்பிறந்த செல்வராசு அண்ணன். வேறு யார் யாரையோ பேட்டி கண்ட நான், கடைசி நாளன்று அவரையும் வெற்றிலைக்கொடி படரும் அகத்தி மர நிழலில் உட்காரவைத்து ரெக்கார்டரை நடுவில் வைத்தேன். முதல் கேள்விக்கு அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு ரெக்கார்டரைப் பார்த்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, அதிகாரிக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

“எங்க அய்யா காலத்துலருந்தே அப்படித்தான். எங்க கொடிக்கால்ல யாரும் செருப்போட எறங்க மாட்டாக. நல்லது பொல்லதுக்கெல்லாம் போற பொருளு. செருப்பு பட்டா கொடி வாடிப்போகும்னு எங்க அய்யா சொல்வாக.”

ஊரில் இருந்தபோது அது என் காதில் விழவே இல்லை. இங்கே, ஹீட்டர் சத்தம் மட்டும் கேட்கும் அறையில் விழுந்தது. நம்ம அய்யா இல்லை, எங்க அய்யா. நம்ம கொடிக்கால் இல்லை, எங்க கொடிக்கால். அதே வரப்பில் நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியவள்தானே? நிறுத்தி நிறுத்தித் திரும்பக் கேட்டேன். பேட்டி முழுவதும் அப்படியேதான் இருந்தது.

மறுநாள் என் மொழிபெயர்ப்பைப் படித்த சக ஆய்வாளர் மார்த்தா, “உன்ஸர் ஃபாட்டர்! சர்ச் பிரார்த்தனை போல அழகாக இருக்கிறது” என்றாள். ‘எங்க அய்யா’வை நான் அப்படித்தான் மொழிபெயர்த்திருந்தேன்; ஜெர்மனில் ‘எங்க’, ‘நம்ம’ இரண்டுக்கும் ‘உன்ஸர்’ என்ற ஒரே சொல்தான். எதிரில் இருப்பவரைச் சேர்த்துச் சொல்வதற்கு ஒன்று, சேர்க்காமல் சொல்வதற்கு ஒன்று என எங்களிடம் இரண்டு உண்டு, என் அண்ணன் என்னைச் சேர்க்கவில்லை என்றேன். அவள் கண்கள் விரிந்தன. “பிரமாதம்! இதை அடிக்குறிப்பாகப் போடு.”

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். ஏன் ‘எங்க’ என்றே சொன்னார் என்று சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

“நீதானத்தா மொதல்ல ‘உங்க கொடிக்கால்’னு ஆரம்பிச்ச. நம்ம புள்ள இப்படிக் கேக்குதேன்னு எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. சரி, படிப்பு வேலைக்கு வெளியாளுக்குச் சொல்ற மாதிரித்தான் சொல்லணும் போலன்னு நெனச்சேன்.”

பேட்டியில் ஆய்வாளர் அந்நியரைப் போலப் பேச வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? “கொடிக்கால் எப்படிண்ணே இருக்கு?” என்று பேச்சை மாற்றினேன்.

“அது எங்க இருக்கு? ஐப்பசி மழையில தண்ணி நின்னு வேரெல்லாம் அழுகிப்போச்சு. கொடியப் புடுங்கிட்டு வாழக்கன்னு வச்சாச்சு.”

“ஏண்ணே சொல்லல?”

“சொல்லி? அங்கன இருந்துக்கிட்டு நீ என்ன செய்வ? சும்மா கெடந்து வருத்தப்படுவ.”

அழுகிப்போன கொடிக்காலுக்குள் காற்று அடிப்பதும், இலைகள் உரசுவதும், பக்கத்து வாய்க்காலில் யாரோ சிரிப்பதும் என் ஹெட்போனில் அப்படியே இருந்தன. அதற்குமேல் எழுத்தாக்க முடியவில்லை. அந்தப் பேட்டியைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். மார்த்தாவுக்கு அது புரியவே இல்லை. இருப்பதிலேயே நல்ல பேட்டி அதுதான் என்று பல நாள் வாதாடினாள்.

மாசி பிறந்து சில நாட்கள் கழித்து, டிராமுக்காகப் பனியில் நின்றிருந்தபோது வாட்ஸ்அப்பில் அண்ணனின் குரல் வந்தது. பின்னணியில் மோட்டார் ஓடும் சத்தம். “ஆத்துப் பக்கம் உள்ள வயல்ல அகத்தி நல்லா வந்துருக்கு. இன்னைக்குப் புதுக்கொடி நட்டுருக்கோம்.” அவ்வளவுதான்.

மறுபடி கேட்டேன். நாங்க என்றோ நாம என்றோ அவர் சொல்லவில்லை. ‘நட்டுருக்கோம்’ என்ற வினைமுற்றோடு நிறுத்திவிட்டார். அதன் கடைசி ‘ஓம்’ விகுதி இரண்டுக்கும் பொதுவானது. நான் உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். தெரிந்துதான் அப்படி விட்டாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. டிராம் வந்து கதவு திறந்து, ஆட்கள் ஏறி, மூடிக்கொண்டு போனது. குளிரில் விறைத்த விரலால், “நல்லாப் பாத்துக்குவோம்ணே” என்று மட்டும் அடித்து அனுப்பினேன்.